கன்கரன்சி: உடனிகழ்வும் விலக்கும்

ஃபுளோரிடா மாநிலத்து நகராட்சி விதித்தொகுப்புகளில் ‘கன்கரன்சி’ என்ற தலைப்பில் தனி அத்தியாயமே உண்டு. புதிதாக ஒரு கட்டடம் எழும்பினால் அதனால் ஊருக்குக் கூடும் சுமையைத் தாங்கக் குடிநீர், கழிவுநீர், வடிகால், குப்பை அகற்றல், சாலை போன்ற வசதிகள் அந்தக் கட்டடத்தோடு கூடவே தயாராக வேண்டும், இல்லையென்றால் அனுமதி கிடையாது என்பது அதன் சாரம். அந்த அத்தியாயத்துக்குள்ளேயே ஒரு விலக்குப் பட்டியலும் இருக்கும். இருக்கிற வீட்டைச் செப்பனிடுவது, வேலி போடுவது, பெயர்ப்பலகை வைப்பது, சில ஊர்களில் நடைபாதையில் மேசை நாற்காலி போட்டு உணவு பரிமாறுவது போன்றவை அந்தப் பட்டியலில் வரும். இவற்றுக்கு அந்த வசதிச் சோதனை வேண்டாம் என்கிறது விதி.

வாஷிங்டன் மாநிலத்திலும் இதே சொல் சட்டத்தில் இருக்கிறது. சியாட்டல், பெல்வியூ பக்கம் குடியேறிய தமிழர்கள் ஏராளம். கடை வைக்கவோ மனை வாங்கவோ போகிற எவரும் என்றாவது ஒருநாள் இந்தச் சொல்லை எதிர்கொள்வார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பார்ப்பதற்கு முன், சொல் எங்கிருந்து வந்தது, எதைச் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

லத்தீனில் ‘குர்ரெரே’ என்றால் ஓடுதல். ‘கான்’ என்ற முன்னொட்டு ‘சேர்ந்து, உடன்’ என்ற பொருளைத் தரும். இரண்டும் சேர்ந்த ‘கான்குர்ரெரே’ என்பது சேர்ந்து ஓடுதல், ஓடிவந்து ஓரிடத்தில் கூடுதல். ஆங்கிலத்தில் நாம் அன்றாடம் புழங்கும் கரன்ட், கூரியர், காரிடார் எல்லாமே இந்த ‘ஓட்ட’ வேரிலிருந்து கிளைத்தவைதான். நகரமைப்புச் சட்டத்தில் ஓடுவது இரண்டு: ஒன்று கட்டடம், மற்றொன்று அதற்கான வசதி. கட்டடம் முந்தி ஓடி, குழாயும் சாலையும் பத்து வருடம் கழித்து மூச்சுவாங்கிக்கொண்டு வந்து சேரக்கூடாது என்பதுதான் சட்டத்தின் எண்ணம்.

இந்த எண்ணத்துக்கு முன்னோடி நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராமப்போ என்ற ஊர். 1969ல் அந்த ஊராட்சி, வீட்டுமனை போடுகிறவர்களுக்கு மதிப்பெண் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. கழிவுநீர், வடிகால், பூங்கா, சாலை, தீயணைப்பு நிலையம் ஆகியவை மனைக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 23ல் 15 எடுத்தால்தான் அனுமதி. ஊரோ 18 ஆண்டுகளுக்கான வசதித் திட்டத்தைப் போட்டு வைத்திருந்தது. அவசரப்படுகிறவர் தன் கைக்காசில் வசதியைச் செய்துகொடுத்து மதிப்பெண் தேற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். நிலச் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1972ல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வளர்ச்சியை அடியோடு தடுக்கவில்லை, வரிசைப்படுத்தத்தான் செய்கிறார்கள் என்று ஏற்றுக்கொண்டது.

ஃபுளோரிடா இதை மாநிலம் முழுமைக்குமான கட்டாயமாக்கியது 1985ல். அந்தக் காலத்தில் அங்கே மக்கள் தொகை ஏறிக்கொண்டே போனது; மனைகள் விற்ற வேகத்துக்குக் குழாய்களும் சாலைகளும் ஈடுகொடுக்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் சட்டம் 1990ல் வந்தது. அங்கே ‘உடன்’ என்பதற்குக் காலக்கெடுவே எழுதி வைத்திருக்கிறார்கள்: சாலை முதலிய போக்குவரத்து வசதி கட்டடம் எழும்போதே இருக்க வேண்டும், அல்லது 6 ஆண்டுக்குள் முடித்துத்தருவதற்கான நிதி உறுதி இருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் குடிநீர், கழிவுநீர், வடிகால், குப்பை விஷயத்தில் தவணை கிடையாது. கட்டடத்தில் குடியேறலாம் என்று நகராட்சி சான்றிதழ் தரும் நாளுக்குள் எல்லாம் கைவசம் இருந்தாக வேண்டும். எனக்கு இந்தக் கறார் பிடிக்கும். தண்ணீர் இல்லாத வீட்டுக்குச் சாவி கொடுப்பது எந்த ஊரிலும் நியாயமில்லை.

சோதனை எப்படி நடக்கிறது? வங்கிக் கணக்குப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மொத்தக் கொள்ளளவு இருப்பு. இப்போது ஓடிக்கொண்டிருப்பது செலவு. அனுமதி வாங்கிவிட்டு இன்னும் கட்டாதவர்களுக்கு ஒதுக்கிவைத்திருப்பதும் செலவுதான். மிச்சத்தில் புதிய விண்ணப்பம் அடங்கினால் அனுமதி. சாலைக்கும் இதே கணக்கு, ஆனால் அலகு வேறு. ஒரு தனிவீட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 முதல் 10 வாகனப் பயணங்கள் உண்டாகும் என்று போக்குவரத்துப் பொறியாளர்களின் கையேடு சொல்கிறது. போவது ஒன்று, வருவது ஒன்று என்று தனித்தனியாக எண்ணியது அது. நூறு வீடு என்றால் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆயிரம் வந்து சேர்ந்த பிறகு சாலையின் ‘சேவைத் தரம்’ எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஏ என்றால் வண்டி தங்குதடையில்லாமல் ஓடும், எஃப் என்றால் நெரிசலில் முடங்கிக் கிடக்கும். 1965ல் வெளிவந்த அமெரிக்க நெடுஞ்சாலைக் கையேட்டிலிருந்து வந்த தரவரிசை இது. நகராட்சி தன் சாலைக்கு ‘டி’ போதும் என்று எழுதிவைத்திருந்தால், அதற்குக் கீழே இறக்கும் கட்டடத்துக்கு இடமில்லை.

கோளாறு இங்கேதான் முளைத்தது. நகரத்தின் நடுவில் சாலைகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அங்கே கட்ட வந்தவருக்கு இல்லை என்ற பதில். ஊருக்கு வெளியே காட்டையும் ஆரஞ்சுத் தோப்பையும் ஒட்டிய சாலைகள் காலியாகக் கிடந்தன. அங்கே கட்ட வந்தவருக்குத் தாராளமாகச் சரி. வெளியே குடியேறியவர்கள் வேலைக்கு மறுபடி ஊருக்குள்ளேதான் காரில் வந்தார்கள். நெரிசலைத் தடுக்க வந்த சட்டம் ஊரை அகலமாக்கி நெரிசலைப் பெருக்கியது. நடந்து போகிறவரையும் பேருந்தில் போகிறவரையும் அந்தக் கணக்கு பார்க்கவே இல்லை. அதற்குத் தெரிந்தது கார் மட்டும்.

விலக்குகள் பெருகியதற்கு இதுதான் பெரிய காரணம். 1990களில் ஃபுளோரிடா, நகர மையங்களையும் பழைய குடியிருப்புகளையும் ‘விதிவிலக்குப் பகுதி’ என்று அறிவித்துச் சாலைக் கணக்கிலிருந்து விடுவிக்க வழி செய்தது. அற்பச் சுமைக்கும் ஒரு விலக்கு இருந்தது. சட்டம் சிறியவற்றைப் பொருட்படுத்தாது என்ற லத்தீன் வழக்கிலிருந்து வந்த ‘டி மினிமிஸ்’ என்ற பெயர் அதற்கு. சாலை தாங்கக்கூடிய உச்ச வண்டி அளவில் 1 விழுக்காட்டுக்கு மேல் பாதிக்காத கட்டடம் அற்பம். ஆனால் ஏற்கெனவே ஓடும் வண்டிகளும் அனுமதி பெற்ற கட்டடங்களால் வரப்போகும் வண்டிகளும் சேர்ந்து அந்த உச்ச அளவில் 110 விழுக்காட்டைத் தாண்டினால் பிறகு எதுவும் அற்பமில்லை. இதிலும் ஒரு தயவு: ஏற்கெனவே உள்ள மனையில் ஒரே ஒரு வீடு கட்டுகிறவருக்குச் சாலை எவ்வளவு நிரம்பியிருந்தாலும் தடை இருக்கவில்லை. மனை வாங்கிவிட்டு வீடு கட்ட முடியாமல் ஒரு குடும்பம் தவிக்கக்கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

2011ல் ஃபுளோரிடா சட்டத்தையே தளர்த்தியது. சாலை, பூங்கா, பள்ளி மூன்றும் அந்தந்த ஊரின் விருப்பம் என்றானது. குடிநீர், கழிவுநீர், வடிகால், குப்பை நான்கும் இன்றும் கட்டாயம்.

இனி நடைபாதைக்கு வருவோம். மயாமி பீச்சின் ஓஷன் டிரைவ் போன்ற தெருக்களில் உணவகத்தின் சுவரிலிருந்து தெரு விளிம்பு வரை குடைகளும் மேசைகளும்தான். உணவகக்காரர் நகராட்சியிடம் பெர்மிட் வாங்கி, கட்டணம் கட்டி, அனுமதித்த எல்லைக்குள் மேசை போடுகிறார். இடம் பொதுச்சொத்து, நகராட்சி வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். இதை ஏன் கன்கரன்சி சோதனையிலிருந்து விடுகிறார்கள்? சுவரோ கூரையோ எழும்பவில்லை. வருகிறவர் பெரும்பாலும் கடற்கரைக்கோ ஓட்டலுக்கோ வந்து நடந்துகொண்டிருப்பவர். நாற்காலியை எந்த நேரமும் மடக்கி உள்ளே வைத்துவிடலாம். நாலு மேசைக்காகப் போக்குவரத்து ஆய்வறிக்கை கேட்டால், அந்த அறிக்கைக்கு ஆகும் செலவே சின்னக் கடைக்காரரை விரட்டிவிடும். நியாயமான காரணங்கள்தான்.

ஆனாலும் பத்து மேசைக்கு நாற்பது பேர் என்றால், நாற்பது பேருக்கான பாத்திரம் கழுவும் தண்ணீர், கழிவறைத் தண்ணீர், குப்பை எல்லாம் உண்மையில் உண்டாகின்றன. அதைவிட முக்கியமாக, நடப்பவருக்கு இருந்த அகலம் குறைகிறது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கட்டட விதிகளில் சக்கர நாற்காலி செல்லும் வழிக்குக் குறைந்தது 36 அங்குலம் வேண்டும். மேசையின் கால் அந்த எல்லைக்கு வெளியே இருக்கலாம். சாப்பிட உட்கார்ந்தவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாலே வழி அடைபட்டுப் போகும். குழந்தை வண்டி தள்ளும் தாய் சாலையில் இறங்கித்தான் தாண்ட வேண்டும். இந்தச் சுமையைச் சாலைக் கணக்கு அன்றும் எண்ணவில்லை, விலக்கு வந்த பிறகு எண்ண வாய்ப்பும் இல்லை. விலக்குப் பட்டியலை வாசிக்கிறவர் இதை மனத்தில் இருத்த வேண்டும்: கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டதால் அதன் சுமை இல்லாமல் போய்விடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவற்றைப் பார்ப்போம். நீதிமன்றச் செய்திகளில் ‘தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று வாசிக்கிறோமே, அங்கே ஆங்கிலத்தில் இருப்பது கன்கரன்ட்தான். அரசியல் சட்டத்தில் மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பட்டியலைப் ‘பொதுப்பட்டியல்’ என்கிறோம். 1976ல் 42ஆவது திருத்தத்தால் கல்வி போய்ச் சேர்ந்த இடம். அங்கேயும் அதே கன்கரன்ட். ஒரே சொல்லுக்கு இடத்துக்கு இடம் வேறு தமிழ் அமைந்தது குறையில்லை, பொருளைப் பார்த்து ஆக்கியிருக்கிறார்கள் என்பதுதான் தெரிகிறது. ஆனால் இரண்டுமே நகரமைப்புக்குப் பொருந்தாது. ‘பொது’ என்பதில் காலம் இல்லை. ‘ஏககாலம்’ என்பதில் காலம் மட்டும் இருக்கிறது, ஒன்றை ஒன்று சார்ந்திருக்கும் உறவு இல்லை.

அந்த உறவைச் சொல்லும் சொல் இலக்கணத்திலேயே இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களைச் சொல்லும்போது நன்னூல் ‘கருவி கருத்தா உடனிகழ்வு’ என்கிறது. ‘தாயோடு குழந்தை வந்தது’ என்றால் வருதல் இருவருக்கும் பொது. ஆனால் குழந்தை தாயைச் சார்ந்து வருகிறது. ‘ஓடு’ உருபு காட்டும் அந்த உறவுதான் உடனிகழ்வு. கட்டடத்தோடு குழாய் வர வேண்டும், மனையோடு சாலை வர வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இதே வேற்றுமையில்தான். ஆகவே கன்கரன்சிக்கு உடனிகழ்வு என்பதே என் பரிந்துரை. சோதனையை ‘உடனிகழ்வு ஆய்வு’ எனலாம். அதில் தேறியதற்கான சான்றிதழை ‘உடனிகழ்வுச் சான்று’ எனலாம். தற்செயலாக இரண்டு நிகழ்வுகள் ஒன்றிப்போவதையும் சிலர் உடனிகழ்வு என்பதுண்டு. கட்டடம், அனுமதி என்ற சூழலில் அந்தக் குழப்பம் வராது.

இத்தகைய சட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ‘குரோத் மேனேஜ்மென்ட்’ என்று பெயர்; அதை வளர்ச்சி மேலாண்மை என்று பெயர்ப்பதில்தான் சிக்கல். சென்னையில் கட்டட அனுமதி தரும் அமைப்பின் பெயர் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். அங்கே ‘வளர்ச்சி’ என்பது டெவலப்மென்ட். அமெரிக்கச் சட்டம் டெவலப்மென்ட் என்று தனி ஒரு கட்டுமானத்தைக் குறிக்கிறது, ஊர் மொத்தமாகப் பெருப்பதைக் ‘குரோத்’ என்கிறது. இரண்டுக்கும் வளர்ச்சி என்று போட்டால் ‘வளர்ச்சி மேலாண்மையிலிருந்து சில வளர்ச்சிகளுக்கு விலக்கு’ என்று வாக்கியம் தன்னைத்தானே கடித்துக்கொள்ளும். ஊர் பெருப்பதை நகர்ப்பெருக்கம் என்றும், தனிக் கட்டுமானத்தைக் கட்டுமானத் திட்டம் என்றும் பிரித்துவிட்டால் தெளிவாகிவிடும்.

விலக்கு என்பதற்கு வேறு தேடவேண்டியதில்லை. வரிவிலக்கு எல்லோருக்கும் தெரிந்த சொல். சோழர் கல்வெட்டுகளில் வரியில்லா நிலத்தை ‘இறையிலி’ என்று வெட்டியிருக்கிறார்கள். கருத்து நமக்குப் பழசு. ஒரு கவனம் மட்டும் வேண்டும். விதி பொருந்தும் இடத்தில் ஒருவருக்கு அதிலிருந்து விடுதலை தருவது விலக்கு. விதியே அந்த இடத்தில் வேறுமாதிரி இயங்குவது விதிவிலக்கு. நடைபாதை மேசைக்குக் கிடைப்பது விலக்கு. நகர மையத்துக்குக் கிடைத்தது விதிவிலக்குப் பகுதி என்ற தகுதி. மதுவிலக்கில் வருகிற விலக்கு தடுத்தல் என்ற பொருளில் வருவது, அதை இங்கே கலக்கவேண்டாம்.

நடைபாதை என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது, சென்னைப் பேச்சில் பிளாட்பாரம். சைடுவாக் கஃபேயை ‘நடைபாதைக் கடை’ என்று மட்டும் எழுதிவிடக்கூடாது. தமிழ் வாசகருக்கு அது தள்ளுவண்டியையும் தரையில் விரித்த கடையையும் நினைவூட்டும். இங்கே பேச்சு ஓர் உணவகத்தின் நீட்சியைப் பற்றியது. ‘நடைபாதை உணவிருக்கை’ என்றால் பொருள் பிசகாது.

இவற்றை எல்லாம் வைத்து அந்த விதியை இப்படித் தமிழில் எழுதலாம்: ‘நகராட்சியின் பெர்மிட் பெற்ற நடைபாதை உணவிருக்கைகளுக்கு உடனிகழ்வு ஆய்விலிருந்து விலக்கு உண்டு. இவ்விலக்கு கட்டட விதி, தீயணைப்பு விதி, சுகாதார விதி, நடப்போர் வழிக்கான அகலம் ஆகியவற்றுக்குப் பொருந்தாது.’