மண்வள அட்டையில் அங்ககக் கரிமம்: எப்படிப் படிப்பது, எப்படி உயர்த்துவது

2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின் கீழ், விவசாயிகளின் நிலத்து மண் கட்டணமின்றிப் பரிசோதிக்கப்பட்டு, 12 அளவீடுகள் கொண்ட அட்டை வழங்கப்படுகிறது. அட்டை கைக்கு வந்ததும் உரப் பரிந்துரையை மட்டும் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் முதலில் படிக்க வேண்டியது அங்ககக் கரிமத்தின், அதாவது மக்கிய தாவர, விலங்குக் கழிவுகளிலிருந்து மண்ணில் சேர்ந்த கார்பனின், வரி என்பது என் உறுதியான கருத்து. அது 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம்.

கரிமம் குறைந்த மண்ணில் இடும் உரமும் பாயும் நீரும் நிலைப்பதில்லை. வேர்க்கசிவும் பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்களின் பசையும் மண் துகள்களைக் குருணைகளாகப் பிணைக்கின்றன. அக்குருணைகளுக்குள் சிக்கிய கரிமம் எளிதில் சிதைவதில்லை. அடிக்கடி ஆழ உழுதால் குருணைகள் உடைந்து, உள்ளிருந்த கரிமம் காற்றுப்பட்டுக் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. உழவைக் குறைப்பதும், இலைதழை, வைக்கோலால் மண்ணை மூடி மூடாக்கு இடுவதும், பசுந்தாள் உரப் பயிர்களான தக்கைப்பூண்டையோ சணப்பையையோ பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதும் இந்த இழப்பைத் தடுக்கவோ ஈடுகட்டவோ உதவுகின்றன. தமிழ்நாட்டில் 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உரப் பயிர் விதைக்கு இடம் உண்டு. விவரத்தை உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுப் பெறலாம்.

இதில் அவசரம் கூடாது. ஓர் ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. அதில் கரிமம் 0.1 விழுக்காடு உயர வேண்டுமானால் 900 கிலோ கரிமம் மண்ணில் தங்கியாக வேண்டும். தொழுவுரத்தில் பெரும்பகுதி நீர், எஞ்சியதிலும் கணிசமான பங்கு நுண்ணுயிர்களின் சுவாசத்தில் கரைந்துவிடும் என்பதால், ஒரே பருவத்தில் எண் மாறவில்லை என்று மனம் தளரக் கூடாது.

மண்ணின் கட்டமைப்பை அட்டை அளப்பதில்லை, அதை நாமே பார்க்க வேண்டும். உலர்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளை நீரில் மெதுவாக இட்டால், கரிமம் நிறைந்த மண் வடிவம் குலையாமல் நிற்கும்; நலிந்த மண் சில நிமிடங்களில் கரைந்து சேறாகும்.

மாதிரி எடுக்கும் முறையில் கவனம் தேவை. திட்டத்தின் தொடக்கச் சுற்றுகளில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரியே எடுக்கப்பட்டதால், பழைய அட்டையில் உள்ள எண் உங்கள் வயலுக்கே உரியதாக இல்லாமல் இருக்கலாம். அறுவடைக்குப் பின், பயிரில்லாத வேளையில், நான்கு மூலைகளிலும் நடுவிலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மண்ணைக் கலந்து கொடுக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இயற்கை முறைக்கு மாற்றிய வயலுக்கும் மாற்றாத வயலுக்கும் தனித்தனி மாதிரி கொடுத்து, அடுத்த முறையும் அதே பருவத்தில் அதே ஆழத்தில் எடுத்தால்தான் இரண்டு அட்டைகளையும் ஒப்பிட முடியும்.