தெளித்த தண்ணீர் எங்கே நிற்கிறது?

கோடை மாலைகளில் சேலத்து வீடுகளில் காய்கறிப் பாத்திக்குத் தினமும் தண்ணீர் தெளிப்பது வழக்கம். மண் கறுத்து நனைந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக் குழாயை மூடிவிடுகிறோம். அப்படித் தெளித்து அரை மணி நேரம் கழித்து, கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியால் கொத்திப் பாருங்கள். மேலே ஒரு விரற்கடை ஈரம் இருக்கும். அதற்குக் கீழே செம்மண் வெளிறிப்போய், தொட்டால் புழுதியாக உதிரும். ஈர மண்ணும் காய்ந்த மண்ணும் சந்திக்கும் இடம் கோடு கிழித்ததுபோல் தெளிவாகத் தெரியும்.

அந்தக் கோடு ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் பாசனத்தில் பாதி புரிந்துவிடும். மண் துகள்களுக்கு இடையே பெரிதும் சிறிதுமாக எண்ணற்ற இடுக்குகள் இருக்கின்றன. பெரிய இடுக்குகளில் உள்ள தண்ணீர் தன் எடையாலேயே கீழே இறங்கிவிடும். சிறிய இடுக்குகளில் உள்ளது துகள்களைப் பற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும். மேல் அடுக்கு தன்னால் பிடித்துவைக்க முடிந்த அளவுக்கு நிரம்பிய பிறகே மிச்சத் தண்ணீர் அடுத்த அடுக்குக்குப் போகிறது. ஆகவே குறைவான தண்ணீரை ஊற்றி ஓர் அடி ஆழ மண்ணையும் லேசாக ஈரமாக்குவது நடக்காத காரியம். அந்தத் தண்ணீர் மேல் அடுக்கை முழுதாக நனைத்துவிட்டு நின்றுவிடும். ஒரு சதுர மீட்டருக்கு 2 லிட்டர் தெளித்தால் அது 2 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர்தான். காய்ந்த செம்மண்ணில் அது 2 சென்டிமீட்டர் ஆழத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

செடியின் தேவையோ வேறு. நன்றாக வளர்ந்த காய்கறிப் பாத்தியிலிருந்து கோடையில் ஒரு நாளைக்குச் சுமார் 5 முதல் 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது. மண்ணின் மேற்பரப்பிலிருந்து போவதும் இலைகள் வழியே போவதும் சேர்ந்த கணக்கு இது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இலைத்துளைகள் வழியே வெளியேறிவிடுகிறது. அதை வீண் என்று நினைக்க வேண்டாம். பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, அந்த ஆவியால்தான் இலை வெயிலில் வெந்துபோகாமல் பிழைக்கிறது. கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளைகள் வழியாகத்தான்.

தண்ணீர் வேரிலிருந்து இலைக்கு ஏறுவதற்கும் இந்த ஆவியே காரணம். இலையிலிருந்து தண்ணீர் வெளியேற வெளியேற, பின்னால் உள்ள தண்ணீர் இழுபடுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் அந்த இழுப்பு தண்டு வழியே வேர்த்தூவி வரைக்கும் போய்ச் சேர்கிறது. ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி என்ற இரு அயர்லாந்து விஞ்ஞானிகள் 1894-இல் முன்வைத்த விளக்கம் இது. இன்றும் அதுவே நிற்கிறது.

மண்ணும் தன் பங்குக்கு இழுத்துப் பிடிக்கிறது. நனைந்த மண்ணிலிருந்து தண்ணீரை எடுக்க, வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இழுப்பு போதும். காயக் காய, மிஞ்சிய தண்ணீர் மேலும் மேலும் சிறிய இடுக்குகளில் ஒளிந்துகொள்கிறது. இழுப்பு 15 வளிமண்டல அழுத்தத்தை எட்டும்போது பெரும்பாலான காய்கறிச் செடிகள் தோற்றுவிடுகின்றன. அதற்குப் பிறகும் மண்ணில் ஈரம் இருக்கும், ஆனால் செடிக்குப் பயன்படாது.

இப்போது கணக்குப் போடலாம். மணல் கலந்த செம்மண்ணில், ஓர் அடி ஆழத்துக்குள் செடிக்குப் பயன்படும் தண்ணீர் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். அதில் பாதி தீர்வதற்குள் அடுத்த தண்ணீர் விட்டால் செடி வாடாது. நாளுக்கு 5 மில்லிமீட்டர் போனால் மூன்று நாளைக்கு ஒரு முறை, சதுர மீட்டருக்கு 15 லிட்டர். பத்துக்குப் பத்து அடிப் பாத்திக்குச் சுமார் 140 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஒன்பது பத்துக் குடம். கரிசல் மண்ணாக இருந்தால் இடைவெளி ஐந்து நாள் வரை போகலாம். பாத்தி முற்றிலும் காய்ந்து கிடந்தால் முதல் தடவை இரண்டு மடங்கு வேண்டும். உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவதன் உள்ளே இருப்பது இந்தக் கணக்குதான்.

தினமும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் தெளித்தாலும் வாரக் கணக்கில் அதே அளவுதானே, பிறகென்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் ஆழத்தில் இருக்கிறது. மேல்மண் ஈரமாக இருக்கும்வரை வெயில் அதைத் தடையில்லாமல் உறிஞ்சுகிறது. மேலே ஒரு அங்குலம் காய்ந்துவிட்டால், கீழே உள்ள ஈரம் மேலேறும் பாதை அறுபட்டு ஆவியாதல் வெகுவாகக் குறைந்துவிடும். தினமும் தெளிக்கும்போது அந்தப் பாதையைத் தினமும் நாமே புதுப்பிக்கிறோம். வேரும் ஈரம் இருக்கும் இடத்தில்தான் பெருகும். மேலாக மட்டும் ஈரம் கண்ட வேர், மண்ணிலேயே அதிகம் சுடும் அடுக்கில் தங்கிவிடுகிறது. ஒரு நாள் தண்ணீர் தவறினால் அந்தச் செடிக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். பாத்தி ஓரங்களில் வெள்ளையாகப் பூத்து நிற்பது அதுதான். தினமும் மேலாகத் தெளித்தால் உப்பு வேர்ப் பகுதியிலேயே சேர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது ஆழமாகப் பாய்ச்சினால்தான் அது வேரைத் தாண்டிக் கீழே இறங்கும்.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்து, தோல்போல் அமுங்கி அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் ஏராளம். அது நோயல்ல, காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததன் விளைவு. கால்சியம் மேலேறும் தண்ணீரோடு மட்டுமே பயணம் செய்யும். இலைகள் அதிகம் ஆவியாக்குவதால் பெரும்பங்கு அங்கே போய்விடுகிறது. மண் கடுமையாகக் காய்ந்தும் திடீரென நனைந்தும் மாறி மாறி வந்தால் கடைசியில் இருக்கும் காய்க்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. நம் மண்ணிலும் கிணற்று நீரிலும் பெரும்பாலும் சுண்ணாம்புக்குக் குறைவில்லை. சீரான ஈரம்தான் குறை. காய்ச்சல் என்பதை அளவு மீறிக் காயவிடுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குத் தக்காளியே சாட்சி.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பூசணி இலை தொங்கினால் பதற வேண்டியதில்லை. வேர் ஏற்றும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் அப்போது அதிகம், அவ்வளவுதான். மாலையில் நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் உடனே தண்ணீர் விடுங்கள். நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இந்த விஷயத்தில் கெட்டி. காற்று வறண்டதுமே இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இலைகளையும் குறைத்துக்கொண்டு காத்திருக்கும். தக்காளிக்கும் வெண்டைக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

தண்ணீர் விட நல்ல நேரம் அதிகாலை. வெயில் ஏறுவதற்குள் ஈரம் கீழே இறங்கிவிடும். இலையில் பட்ட தண்ணீரும் காய்ந்துவிடுவதால் பூஞ்சைக்கு இடமில்லை. ஒரே மூச்சில் ஊற்றினால் வழிந்தோடும். பாதியை விட்டு, அது உறிஞ்சப்பட்ட பிறகு மீதியை விடுவது நல்லது. பிறகு காய்ந்த இலை, கரும்புத் தோகை, நிலக்கடலைத் தோல் என்று கிடைப்பதை இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் பரப்புங்கள். தண்ணீரை மிச்சப்படுத்த இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை. பாறை வெடிப்புகளில் ஊறும் தண்ணீரைப் பெரிதும் நம்பியிருக்கும் ஊரில் இதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

கீரைக்கும் புதிதாக விதைத்த பாத்திக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றின் வேர் மேலேயே இருப்பதால் தினமும் பூவாளியால் தெளிக்கத்தான் வேண்டும். மாடியில் பைகளில் வளர்ப்பவற்றுக்கும் அப்படியே. ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இடைவெளி இன்னும் கூடும். சேலத்தைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருப்பதால் வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைவு, ஆவியாவதும் அதற்கேற்பக் குறைவு.

கோடை மழை பெய்யும் நாட்களில் பாத்தி ஓரத்தில், பக்கங்கள் நேராக உள்ள ஒரு டப்பாவைத் திறந்து வைத்து, மறுநாள் ஸ்கேலால் அளந்து பாருங்கள். 15 மில்லிமீட்டர் நின்றிருந்து, மழை வழிந்தோடாமல் பாத்திக்குள்ளேயே இறங்கியிருந்தால் அடுத்த மூன்று நாளைக்குத் தண்ணீர் தேவையில்லை. 3 மில்லிமீட்டர்தான் என்றால், தெரு முழுக்க நனைந்திருந்தாலும், வழக்கமான நாளில் பாய்ச்சிவிடுங்கள்.