டெத் மெட்டலுக்குள் ஜாஸ் எங்கே உட்காருகிறது?

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரைக் கேட்டவர்களுக்கு டிஸ்டார்ஷன் என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபயர் தாங்குவதற்கு மேல் சத்தத்தைக் கூட்டினால் ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும், பாட்டு கரகரக்கும். மைக்செட்காரர் தெரியாமல் செய்வதை டெத் மெட்டல் (கரகரக்கும் கிட்டாரும் உறுமும் குரலும் கொண்ட ராக் இசை வகை) கிட்டார்காரர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள்.

இப்படி வெட்டுப்பட்ட அலையில் புது ஒலிகள் பிறக்கும். இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்தால் அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டினால் வருவதும், கழித்தால் வருவதும்கூடக் காதில் விழும். கிட்டாரின் தடித்த கம்பியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி 'டி'யில் வைத்தால் அது நொடிக்கு 73.4 முறை அதிரும். அதை ஷட்ஜமாக (ச) வைத்தால் பஞ்சமம் (ப) 110. கழித்தால் 36.6, அதாவது அதே ஷட்ஜம் ஒரு ஸ்தாயி கீழே. வாசிக்காத ஸ்வரம் தானாக வந்து அடியில் உட்கார்ந்து ஒலியைப் பெரிதாக்குகிறது. பஞ்சமத்துக்குப் பதில் 'சாதாரண காந்தாரம்' என்ற ஸ்வரத்தை (87.3) வைத்துப் பாருங்கள். கூட்டினால் 160.7. கிட்டாரில் அடுத்தடுத்து உள்ள இரண்டு ஸ்வரங்களுக்கு நட்டநடுவில், எதிலும் சேராமல் நிற்கும். ஒலி கலங்கிப்போகும்.

மெட்டலில் எங்கு பார்த்தாலும் ச-ப ஜோடியாகவே இருப்பது இதனால்தான். ஜாஸ் கார்டில் (ஒரே நேரத்தில் சேர்த்து வாசிக்கும் ஸ்வரக் கொத்தில்) நான்கைந்து ஸ்வரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அதை முழு டிஸ்டார்ஷனில் வாசித்தால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். எனவே புரொகிரசிவ் டெத் மெட்டலில், அதாவது பிற இசைகளையும் கலந்து பார்க்கும் டெத் மெட்டலில், ஜாஸ் வர வேண்டுமென்றால் முதலில் அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்க வேண்டும்.

ஃப்ளோரிடாவின் சினிக் குழு 1993-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் அது நடந்தது. கரகரப்பை எடுத்துவிட்டுத் தெளிந்த கிட்டாரில் ஜாஸ் கார்டுகளை வாசித்தார்கள். உறுமலோடு, வோகோடர் என்ற குரல் மாற்றும் கருவி வழியாக வந்த இயந்திரத்தனமான ஒரு பாட்டுக் குரலையும் சேர்த்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு அந்தக் குழுவின் இருவர் சக் ஷுல்டினரின் 'டெத்' என்ற குழுவோடு ஓர் ஆல்பத்தில் வாசித்திருந்தார்கள். டெத் மெட்டலின் போக்கை மாற்றியதில் அந்த ஆல்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

சரி, அந்த உறுமல்? கேலி செய்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். கலப்புக்கு அதிகம் உதவுவதும் அதுதான். குரல்நாண்களுக்குச் சற்று மேலே பொய்க் குரல்நாண்கள் என்று ஒரு ஜோடி மடிப்புகள் உண்டு. பேசும்போது அவை சும்மா கிடக்கும். உறுமும்போது அவையும் சுற்றியுள்ள தசைகளும் ஒழுங்கில்லாமல் அதிர்வதால் குரலுக்கு நிலையான ஸ்வரம் இருக்காது. ஸ்வரம் இல்லாத குரல் எந்த ராகத்தோடும் அபஸ்வரமாக மோதாது. மெலடி முழுக்கக் கிட்டாருக்கும் பேஸுக்கும் காலியாகக் கிடைக்கிறது. ஸ்வீடனின் ஓபெத் குழுவின் பாடகர் உறுமலிலிருந்து மென்குரலுக்கு மாறும்போது திடீரென்று ஒரு வாத்தியம் கூடியதுபோல் தோன்றுவதும் இதனால்தான்.

அப்புறம் தாளம். இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு வேலை சுலபம். மெஷுகா போன்ற குழுக்களில் கையால் அடிக்கும் சிம்பல் நான்கு நான்காகப் போக, கிட்டாரும் காலால் மிதிக்கும் டிரம்மும் வேறொரு எண்ணிக்கையில் சுற்றும். உதாரணமாக ஏழு: தகிட தகதிமி. ஒரு சுற்றுக்கு 16 மாத்திரை என்றால் நான்கு சுற்றுக்கு 64. ஒன்பது ஏழு 63. ஒன்று மிச்சம். அந்த ஒன்றைக் கடைசியில் ஒட்டிவிட்டு அடுத்த சுற்றை முதலிலிருந்து தொடங்குவது மெட்டல்காரர்களின் வழக்கம். ராமேஸ்வரம் கோயிலில் தவில் கேட்டவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனமும் அதே 64 மாத்திரைதான். ஒரு மாத்திரை தள்ளி எடுத்து ஒன்பது ஏழு வாசித்தால் 'டக்'கென்று சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழும். மிச்சத்தை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பது மட்டும்தான் வித்தியாசம். எனக்கு முன்னால் வைப்பதுதான் பிடிக்கும்.

ஒரு நிமிடம் உறுமல், ஒரு நிமிடம் ஜாஸ், மறுபடி உறுமல் என்று ஒட்டுப்போடும் குழுக்களும் நிறைய. அதைக் கலப்பு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்து, இரண்டும் கேட்க வேண்டும்.

ராமநாதபுரம் கடற்கரைப் பையன்கள் யாராவது நாதஸ்வரத்தோடு முயன்றால்? பாதி வேலை முடிந்தே இருக்கிறது. 'டி'க்கு இறக்கிய கிட்டார் நம் கணக்கில் 2 கட்டை. பெரிய நாதஸ்வரத்துக்குப் பழகிய சுருதிதான். ச-ப ஜோடியை நீட்டிப் பிடித்தால் அதுவே ஒத்து (நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் குழல்) வேலையைப் பார்த்துக்கொள்ளும். மேலே தோடியோ கரகரப்பிரியாவோ எவ்வளவு கமகத்தோடும் போகலாம். சிக்கல் ஒன்றுதான். நாதஸ்வரத்தின் கூர்மையும் டிஸ்டார்ஷனின் கரகரப்பும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண் பகுதியில், நொடிக்கு ஆயிரத்திலிருந்து நாலாயிரம் அதிர்வு வரை, இடத்துக்கு அடித்துக்கொள்ளும். அங்கே கிட்டாரைத்தான் குறைக்க வேண்டும். நாதஸ்வரத்துக்கு மைக்கே வேண்டாம்.