ஓட்டை விழுந்த சவ்வில் ஏடிபி பிறப்பதில்லை

"உயிரியல் கடைசியில் வேதியியல்தானே, வேதியியல் கடைசியில் இயற்பியல்தானே? அப்புறம் எதற்கு மூன்று பாடம்?" என்று பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கான பதில், செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் சுழன்றுகொண்டிருக்கிறது.

உணவின் ஆற்றல், செல்கள் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியாக (ATP) மாறுகிறது என்பது பாடத்தில் உண்டு. எப்படி மாறுகிறது? நடுவில் ஆற்றல் மிகுந்த ஒரு சேர்மம் இருந்தாக வேண்டும் என்று 1950களில் பல ஆய்வகங்கள் சலித்துச் சலித்துத் தேடின. அகப்படவில்லை. 1961இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் வேறு வழி சொன்னார். எலக்ட்ரான்கள் கைமாறும்போது புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே பாய்வதுதான் ஏடிபியை உண்டாக்குகிறது என்றார். சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 150 மில்லிவோல்ட். அற்பமாகத் தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் ஆறு நானோமீட்டர்தான். மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 2.5 கோடி வோல்ட்! காற்றில் மின்பொறி பறக்க 30 லட்சமே போதும்.

திரும்பி வரும் வழியில் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி நிற்கிறது. அதன் அடியில் ஒரு புரத வளையம். நம் உடலில் அதற்கு எட்டுத் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் எதிர்மின்சுமையோடு ஓர் அமிலக் குழு. சுமை உள்ள எதையும் சவ்வின் எண்ணெய்ப் பகுதி ஏற்காது. வெளியிலிருந்து ஒரு புரோட்டான் வந்து உட்கார்ந்ததும் சுமை தீர்ந்துவிடும். அந்தத் துண்டு எண்ணெய்க்குள் நகரலாம். கிட்டத்தட்ட முழுச் சுற்று போய், மறுபக்கக் கால்வாயில் புரோட்டானை இறக்கிவிடும். வளையத்தோடு சேர்ந்து ஒரு கோணல் அச்சும் சுழலும். அச்சின் தலைமாட்டில் மூன்று பைகள். அச்சின் கோணல் ஒவ்வொரு பையாக நெருக்கியும் திறந்தும் விடுகிறது. இதில் எனக்கு அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. இறுகிய பைக்குள் ADP என்ற மூலக்கூறும் பாஸ்பேட்டும் ஒட்டி ஏடிபி (ATP) ஆவதற்குப் பெரிய ஆற்றல் தேவையில்லை. பிடித்துவைத்த ஏடிபியை விடுவிக்கத்தான் அந்த விசை வேண்டும். இதைச் சொன்னவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் பால் பாயர். 1997இல் ஜப்பானில் நோஜியும் சகாக்களும் அச்சில் ஒளிரும் ஆக்டின் இழையை ஒட்டி, ஏடிபி கொடுத்து இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டினார்கள். நுண்ணோக்கியில் இழை சுற்றுவது கண்ணுக்கே தெரிந்தது.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். டைநைட்ரோபீனால் என்ற பொருள் சவ்வின் வழியே புரோட்டான்களைக் கசியவிடும். நொதியை அது தொடுவதில்லை. எல்லா உறுப்பும் அப்படியே இருக்கும். ஏடிபி மட்டும் வராது, ஆற்றல் வெறும் சூடாகப் போகும். 1930களில் அமெரிக்காவில் இதை உடல் இளைக்க விழுங்கி, சூடு தாங்காமல் செத்தவர்கள் உண்டு. இயற்பியல் விதி எதுவும் இங்கே மீறப்படவில்லை. ஆனால் 'உள்ளே', 'வெளியே' என்ற வித்தியாசம் எந்த மூலக்கூறிலும் கிடையாது; முழுசாக மூடிய சவ்வுக்கு மட்டுமே உண்டு. 1950களில் செல்லை அரைத்துப் பிரித்துத் தேடியவர்கள் தேடிய பொருளை அரைக்கும்போதே தொலைத்துவிட்டார்கள்.

மிட்செல் தன் கருத்துக்கான சோதனைகளில் பெரும்பகுதியை, இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் புதுப்பித்து, குடும்பப் பணத்தில் நடத்திய சிறிய ஆய்வகத்தில்தான் செய்தார். 1978இல் வேதியியல் நோபல் வந்தது. நம் ஊரில் இப்படி ஒரு திட்டத்தோடு நிதி கேட்டுப் போனால், "எந்தத் துறை?" என்ற முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொள்ளும். அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

மிட்செலின் கருத்தைப் பலரை ஏற்கவைத்த சோதனை 1974இல் ராக்கரும் ஸ்டெக்கேனியஸும் செய்தது. உப்பளங்களில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஒளிபட்டால் புரோட்டானைத் தள்ளும் ஊதாப் புரதம், மாட்டின் இதயத்திலிருந்து ஏடிபி நொதி, சோயாவிலிருந்து கொழுப்பு. ஒன்றுக்கொன்று பந்தமே இல்லாத இந்த மூன்றையும் சேர்த்துக் குட்டிக் குமிழ்களாக மூடினார்கள். விளக்கைப் போட்டார்கள். ஏடிபி வந்தது.