புத்தகத் திட்டத்துக்கு மரமா, வலையா, அட்டையா?

கல்லாறு தாண்டியதும் நீலகிரி மலை ரயில், 12 அடி போனால் ஏறக்குறைய 1 அடி உயரும் அளவுக்கு ஏறத் தொடங்குகிறது. சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். இஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு குன்னூர் வரை ஏறும். இந்த ரயிலைப் பற்றிக் குன்னூர்க்காரர் ஒருவர் புத்தகம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல் பட்டையை எந்த அத்தியாயத்தில் சொல்வார்? இஞ்சின் பற்றிச் சொல்லும்போதா, மலைச் சரிவைச் சொல்லும்போதா, அந்த முறையை உருவாக்கிய சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் வரும்போதா?

இந்த மாதிரிக் கேள்விகள் சேரச் சேர மண்டை தாங்காது. ஒரே நேரத்தில் மனதில் ஏந்தக்கூடியவை ஏழு சங்கதிகள் அளவில்தான் என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதையும் நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டார். மீதியைத் திரையில் பரப்பி வைத்துவிட்டால், நினைவில் பிடித்து வைக்கும் வேலையைக் கண் செய்துகொள்ளும். புத்தகக் குறிப்புகளைத் திரையில் படமாகப் பரப்பிக் காட்டும் மென்பொருள்கள் அதற்குத்தான். வண்ணம், வடிவம் எல்லாம் அப்புறம். உள்ளே தகவலை எப்படிக் கோர்த்து வைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஃப்ரீபிளேன், எக்ஸ்மைண்ட் போன்றவை மைண்ட் மேப், அதாவது நடுவில் தலைப்பை வைத்துக் கிளை கிளையாகக் குறிப்பு வரையும் மென்பொருள்கள். அவற்றுக்குள் இருப்பது மரம். ஒவ்வொரு குறிப்பும் ஏதாவது ஒரே தாய்க் குறிப்பின் கீழ்தான் தொங்கும். இந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் படத்தைக் கணினியே அழகாக அடுக்கித் தருகிறது: நுனியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கிளைக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்று கூட்டிக்கொண்டே வந்தால், ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. ஆனால் நம் பல் பட்டைக்கு மூன்று தாய். குறுக்கே அம்பு போட்டு இணைக்கலாம்தான். பத்து அம்பு வந்ததும் படம் நூல்கண்டு மாதிரி ஆகிவிடும்.

வலை அமைப்பில் அந்தத் தொல்லை இல்லை. எதையும் எதோடும் இணைக்கலாம். குறிப்பு எழுதும் மென்பொருளான அப்சிடியனின் கிராஃப் காட்சி இப்படிப்பட்டது. அதை வரைகிற விதம் சுவாரசியமானது. ஒவ்வொரு குறிப்பும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் மற்றதைத் தள்ளுகிறது. இணைப்புக் கோடு ஒவ்வொன்றும் ஸ்பிரிங் போல இழுக்கிறது. தள்ளலும் இழுப்பும் சமமாகும்வரை கணினி எல்லாப் புள்ளிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்க்கும். பீட்டர் ஈட்ஸ் 1984இல் வெளியிட்ட யோசனை இது. பார்க்கக் கொள்ளை அழகு, திட்டம் போட அவ்வளவாக உதவாது என்பேன். குறிப்பு சேரச் சேரப் புள்ளிகள் இடம் மாறும். ‘மேலே வலது மூலையில் வைத்தேனே’ என்று தேட முடியாது. அதே அப்சிடியனில், அட்டைகளை நாமே பரப்பி வைக்கும் கேன்வாஸ் என்று ஒன்று உண்டு. அதில் நாம் வைத்த இடத்தின் அளவுகள் அப்படியே கோப்பில் பதிவாகும்; அட்டை நகராது.

சரி, எப்படிப் பரப்பினாலும் வாசகர் படிக்கப்போவது ஒரு வரிக்குப் பின் ஒரு வரியைத்தான். 1899இல் குன்னூருக்கு வந்த ரயில் 1908இல் ஊட்டியை எட்டிய கதையில் எதை முதலில் சொல்வது என்று கடைசியில் முடிவு செய்தாக வேண்டும். புத்தகம் எழுதுவதற்கான மென்பொருளான ஸ்கிரிவனரின் அட்டைப் பலகை இங்கேதான் கைகொடுக்கிறது. அதில் அட்டை தனிப் படமல்ல. எழுதிய பகுதியின் சுருக்கமே அட்டையாகத் தெரிகிறது. அட்டையை இழுத்து முன்னால் வைத்தால் கையெழுத்துப் பிரதியிலும் அந்தப் பகுதி முன்னால் போய்விடும். மைண்ட் மேப்பில் கிளையை மாற்றிவிட்டு, வேறு கோப்பில் இருக்கும் பத்திகளைத் தேடித் தேடி வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். என் தேர்வைக் கேட்டால், பொருளைத் துழாவும் ஆரம்ப நாட்களில் இலவசமான ஃப்ரீபிளேன். எழுத உட்கார்ந்த பிறகு அட்டை.

மழைக்காலத்தில் மலையில் மரம் விழுந்து கரண்டும் நெட்டும் போவது வழக்கம். ஆகவே கோப்பு நம் கணினியிலேயே இருப்பது நல்லது. ஃப்ரீபிளேன், அப்சிடியன், ஸ்கிரிவனர் மூன்றிலும் அப்படித்தான்.

வாங்குமுன் தமிழையும் சோதித்துவிடுங்கள். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘பை’ என்பது ப முதலில், ஐகாரக் குறி பின்னால் என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது; திரைக்கு வரும்போது குறியை இடப்பக்கம் மாற்றுவது மென்பொருளின் வேலை. ‘கோ’ என்றால் குறியை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் வைக்க வேண்டும். சிலவற்றில் திரையில் சரியாக இருப்பது பிடிஎஃப் ஆக்கும்போது சிதறிவிடும். பைக்காரா, கோத்தகிரி என்று இரண்டு அட்டை போட்டு பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். எழுத்து உடைந்திருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.