டிரான்ஸ்பர்: ஆள் மாறுகிறாரா, பதிவு மாறுகிறதா?

ஜனவரி பிறந்தாலும் ஆகஸ்ட் முடியப்போனாலும் கிளாஸ்கோ நகரில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர் செல்டிக்குக்கு வரப்போகிறாராம், இல்லை, ரேஞ்சர்ஸுக்காம். (இரண்டும் அந்த ஊர்க் கழகங்கள்.) தொகை பேசி முடித்தாயிற்றாம், உடல் பரிசோதனைதான் பாக்கியாம். இதே செய்தி தமிழுக்கு வரும்போது ‘ஸ்காட்லாந்து கிளப்புக்கு இடமாற்றம் ஆகிறார்’ என்று ஆகிவிடுகிறது. படித்ததும் எனக்குத் தாலுகா ஆபீஸ்தான் ஞாபகத்துக்கு வரும். மேலதிகாரியைப் பகைத்துக்கொண்டு, பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பாதி வருஷத்தில் பள்ளிக்கூடம் தேடப் போகும் வருவாய் ஆய்வாளர். கால்பந்து டிரான்ஸ்பர் அது இல்லை.

சொல்லின் பிறப்பு லத்தீனில். ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘ஃபெர்ரே’ என்றால் சுமந்து செல்வது. அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டத்தின் கைக்குப் போனதும் இந்தச் சொல்லுக்குச் சுமை தேவைப்படவில்லை. 1882-ல் இந்தியாவில் வந்த சொத்து மாற்றுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இதே ‘டிரான்ஸ்பர்’தான் இருக்கிறது. வயலை விற்றால் வயல் எங்கே போகிறது? வரப்பும் வேப்பமரமும் அதே இடத்தில் நிற்கும். கிரயம் முடிந்து, பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்து, ஏட்டில் ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வருகிறது. அவ்வளவுதான்.

கால்பந்திலும் கைமாறுவது இப்படியொரு ஏட்டுப் பதிவுதான். 1885-ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுவதை அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனை: காசு வாங்குகிறவரின் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். (ஸ்காட்லாந்து இதற்கு 1893 வரை இறங்கிவரவில்லை. அதற்குள் அங்கிருந்த நல்ல ஆட்டக்காரர்கள் பலர் காசுக்காகத் தெற்கே போய்விட்டார்கள்.) 1888-ல், வில்லியம் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் முயற்சியில் இங்கிலாந்தில் லீக் தொடங்கியது. 1893-ல் அந்த லீக் போட்ட விதிதான் விவகாரமானது. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரின் பதிவு பழைய கழகத்திடமே இருக்கும். அது மனது வைத்து விடுவித்தால்தான் அவர் வேறு கழகத்துக்கு ஆட முடியும். சம்பளமும் இல்லை, போகவும் முடியாது. விடுவிக்கக் கேட்ட விலைதான் டிரான்ஸ்பர் தொகை. 1905-ல் ஆல்ஃப் காமன் சண்டர்லேண்டிலிருந்து மிடில்ஸ்பரோவுக்குப் போனபோது அந்த விலை முதன்முதலாக 1,000 பவுண்டைத் தொட்டது.

இந்தப் பிடி தளர நெடுங்காலம் ஆயிற்று. நியூகாஸில் யுனைடெட் விட மறுத்ததால் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் பந்தை விட்டுவிட்டுத் தக்கை விற்கும் வேலைக்குப் போனார். அவர் தொடுத்த வழக்கில் 1963-ல் நீதிமன்றம் அந்த விதியைத் தொழில் செய்வதற்கு நியாயமற்ற தடை என்றது. அப்புறம் 1995 டிசம்பர் 15-ல், பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் பாஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தவரைப் பிடித்துவைத்து விலை கேட்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆக, இன்று ஒரு கழகம் கொடுக்கும் தொகை ஆளுக்கான விலை அல்ல. மிச்சமிருக்கும் ஒப்பந்தக் காலத்தை விட்டுக்கொடுத்து, பதிவைக் கைமாற்றித் தருவதற்கான விலை.

நாடு விட்டு நாடு போவதானால் இன்னொரு தாள் வேண்டும். பழைய நாட்டின் சங்கம் புதிய நாட்டின் சங்கத்துக்கு அனுப்பும் சான்றிதழ் அது. அமெரிக்காவில் ஆடியவர் கிளாஸ்கோவுக்கு வந்தால் அமெரிக்கச் சங்கம் ஸ்காட்லாந்துச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். இது கையில் வராமல் உடல் பரிசோதனையில் தேறியும் பயனில்லை, கழுத்தில் செல்டிக்கின் பச்சை வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தும் பயனில்லை, களமிறங்க முடியாது. இதன் ஆங்கிலச் சுருக்கப் பெயர் ஐ.டி.சி.; அதன் கடைசி இரண்டு எழுத்து நமக்குப் பழகிய ‘டி.சி.’ தான். பள்ளிக்கூட டி.சி.யைத் தமிழ்நாட்டில் மாற்றுச் சான்றிதழ் என்கிறோம். இலங்கையில் பள்ளிவிட்டுப் போகிறவருக்குத் தரும் தாளுக்கு விடுகைப் பத்திரம் என்று பெயர். எனக்கு இலங்கைச் சொல்தான் பிடித்திருக்கிறது. அந்தத் தாளின் வேலையே பழைய இடம் விட்டுவிட்டது என்று சொல்வதுதானே. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி இந்தப் பத்திரத்துக்குக் கட்டணமோ நிபந்தனையோ கூடாது. பாக்கிக் கட்டணத்தைக் கட்டினால்தான் டி.சி. என்று ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே அப்பாக்களை நிற்கவைத்த பள்ளிகளைப் பார்த்தவன் என்பதால் இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது.

அமெரிக்கப் பக்கம் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே மேஜர் லீக் சாக்கரில் ஆடும் வீரரின் ஒப்பந்தம் கழகத்தோடு இல்லை, லீக்கோடு. அதனால் நியூயார்க் வீரரையோ சிகாகோ வீரரையோ ஸ்காட்லாந்துக் கழகம் வாங்கும்போது, தாளின்படி எதிரே உட்கார்ந்திருப்பது லீக். இன்னொன்று, அமெரிக்க விளையாட்டுகளில் அதிகம் புழங்கும் சொல் ‘டிரேடு’. இவரைக் கொடு, அவரைத் தருகிறேன் என்று இரண்டு அணிகள் பேசி முடித்துக்கொள்ளும். பெரும்பாலும் வீரரிடம் கேட்க வேண்டியதில்லை. ஐரோப்பிய டிரான்ஸ்பரில் வீரர் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது. ‘வீரர் பரிமாற்றம்’ என்று சில இடங்களில் எழுதுகிறார்களே, அந்தச் சொல் டிரேடுக்குத்தான் பொருந்தும். பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் கை நீள வேண்டும்.

ஆள் வேறு, பதிவு வேறு, ஒப்பந்தம் வேறு என்பதை ஸ்காட்லாந்தே ஒருமுறை வெட்டவெளிச்சமாகப் பார்த்தது. 2012-ல் ரேஞ்சர்ஸை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கிக் கலைப்புக்குப் போனது. மைதானத்தையும் தொழிலையும் ஒரு புதிய நிறுவனம் வாங்கியது. பிரிட்டிஷ் சட்டப்படி தொழில் கைமாறினால் வேலை செய்கிறவர்களின் ஒப்பந்தமும் கூடவே மாறும். அந்தச் சட்டத்தின் பெயரிலும் ‘டிரான்ஸ்பர்’ உண்டு. ஆனால் தொழிலாளி மாட்டேன் என்று சொல்லலாம். ஸ்டீவன் நெய்ஸ்மித்தும் ஸ்டீவன் விட்டேக்கரும் மாட்டேன் என்றார்கள். ஒருவர் எவர்ட்டனுக்கும் மற்றவர் நாரிச்சுக்கும் போய்விட்டார்கள். முந்தைய ஆண்டுதான் வந்து சேர்ந்திருந்த கார்லோஸ் போகநெக்ரா அப்போது அமெரிக்க அணியின் கேப்டன். அவர் மறுக்கவில்லை, ரேஞ்சர்ஸ் வீரராகவே நீடித்து, அந்தப் பருவத்துக்கு மட்டும் ஸ்பெயினின் ராசிங் சாந்தாந்தேருக்கு ஆடப் போனார். ஒரே கோடையில், புதிய நிறுவனத்துக்கு மாற மறுத்தவர்கள் வெளியேறினார்கள், மாறச் சம்மதித்தவர் ஸ்பெயினில் ஆடினார்! இதை ‘இடமாற்றம்’ என்ற ஒரே சொல்லால் எழுதிப் பாருங்கள், தலை சுற்றும்.

அப்படியானால் சரியான தமிழ்ச் சொல் எது? இடமாற்றத்தில் இடம் முன்னால் நிற்பதுதான் சிக்கல். கிளாஸ்கோவிலேயே பார்ட்டிக் திஸிலிலிருந்து செல்டிக்குக்குப் போகிறவர் குடியிருக்கும் வீட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அதுவும் டிரான்ஸ்பர்தான். ‘பெயர்ச்சி’ நல்ல பழஞ்சொல். ஆனால் குருவும் சனியும் அதைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். ‘ஸ்காட்லாந்துக்குப் பெயர்ச்சி’ என்று எழுதினால் பரிகாரம் என்ன என்று கேட்பார்கள். ‘அணி மாற்றம்’ என்றால் ஆடும் பதினொருவரில் செய்த மாற்றமோ என்ற மயக்கம் வருகிறது. எனக்குப் பட்டது இது: பேச்சுக்கும் தலைப்புக்கும் ‘கழக மாறுதல்’, விதிகளை விளக்கும்போது ‘பதிவு மாறுதல்’. பட்டா மாறுதல் என்ற சொல் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, இதுவும் உறுத்தாது.

கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு சொல் ‘லோன்’. ஒரு கழகம் தன் வீரரைக் கொஞ்ச காலத்துக்கு இன்னொரு கழகத்தில் ஆட அனுப்புவது. ‘கடன் அடிப்படையில் ரேஞ்சர்ஸுக்குச் சென்றார்’ என்று எழுதுகிறோம். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் அது கடன். அதே சர்க்கரையை யாரும் திருப்பித் தர மாட்டார்கள், அதே அளவு வேறு சர்க்கரை போகும். இதற்குக் குறளில் ‘குறியெதிர்ப்பை’ என்று ஒரு சொல்லே இருக்கிறது. ஏணியோ அண்டாவோ வாங்கினால் அது இரவல். அதே அண்டா, முடிந்தால் நசுங்காமல், திரும்பி வர வேண்டும். வீரர் அண்டா வகை.

கிளாஸ்கோவுக்கு இப்படி இரவலில் வந்த அமெரிக்கர்கள் கணிசம். 2019 ஜனவரியில் பாரீஸிலிருந்து டிமதி வியா செல்டிக்குக்கு வந்து அரைப்பருவம் ஆடினார். 2022 ஜனவரியில் நியூயார்க் சிட்டியிலிருந்து ரேஞ்சர்ஸுக்கு ஒன்றரை ஆண்டு இரவலில் வந்த ஜேம்ஸ் சாண்ட்ஸ் ஓராண்டிலேயே ஊர் திரும்பினார். அதே ஆண்டு பயர்ன் மியூனிக்கிலிருந்து வந்த மாலிக் டில்மன் ஸ்காட்லாந்தின் சிறந்த இளம் வீரர் விருதையே வாங்கிவிட்டார். விலைக்கு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் ஒப்பந்தத்தில் இருந்தது. கடைசியில் நடக்கவில்லை, அவர் நெதர்லாந்துக்குப் போனார். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்ற பழமொழி ரேஞ்சர்ஸ் ரசிகர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கேமரன் கார்ட்டர்-விக்கர்ஸ் கதை நேர்மாறு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கு ஆடும் இந்தத் தடுப்பாட்டக்காரரை டாட்டன்ஹாம் ஏழு முறை இரவல் கொடுத்தது: ஷெஃபீல்டு, இப்ஸ்விச், ஸ்வான்சி, ஸ்டோக், லூட்டன், போர்ன்மவுத், ஏழாவதாக 2021-ல் செல்டிக். ஊர் ஊராகப் போன அண்டாவை 2022 ஜூனில் செல்டிக் விலைக்கே வாங்கிக்கொண்டது. அன்றைக்குத்தான் முறைப்படி கழக மாறுதல். ஆள் கிளாஸ்கோவுக்கு வந்து ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சரி, ஆரம்பத்தில் சொன்ன செய்திக்கு வருவோம். ‘அமெரிக்க வீரர் செல்டிக்குக்கு மாறக்கூடும்’ என்று போட்டால் போதும். விடுகைப் பத்திரம் வந்த பிறகு ‘மாறினார்’ என்று எழுதிக்கொள்ளலாம். டீக்கடைப் பேச்சில் டிரான்ஸ்பர் என்றே சொன்னாலும் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இடமாற்றம் மட்டும் வேண்டாம்.