ஊற்ற ஊற்ற வாடும் புங்கன்

கொடுங்கையூரில் புது அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோன வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பில்டர் நட்டுக்கொடுத்த புங்கன் கன்றுல பாதி வாடிப்போச்சு சார். தினமும் ரெண்டு குடம் ஊத்தறோம், ஊத்த ஊத்த இன்னும் வாடுது. கண்ணு பட்டிருக்கும்னு ஒருத்தர் எலுமிச்சம்பழம் கட்டிட்டுப் போயிருக்கார்."

நேரில் போய் ஒரு கன்றைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. நர்சரிப் பையின் உருளை வடிவம் அப்படியே இருக்கிறது, வேர் ஒரு விரற்கடைகூட வெளியே போகவில்லை, நுனியெல்லாம் கறுத்து அழுகின முட்டை நாற்றம். காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் விடுகிற ஹைட்ரஜன் சல்பைடு அது. எலுமிச்சம்பழம் பாவம், அதற்கு என்ன தெரியும்.

வேரும் நம்மைப்போல ஆக்சிஜனை இழுத்துத்தான் வாழ்கிறது. நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம், அதில் காற்றும் தண்ணீரும் பங்கு போட்டுக்கொள்ளும். கட்டட வேலை நடக்கிற இடத்தில் லாரியும் ஜேசிபியும் மாதக்கணக்கில் ஏறி இறங்கி அந்த இடைவெளியை நசுக்கிவிடுகின்றன. துளைத்துப் போகிற வேருக்கு மண் காட்டுகிற எதிர்ப்பு 2 மெகாபாஸ்கலைத் தாண்டினால், அதாவது கார் டயரில் இருக்கிற அழுத்தத்தைப்போல சுமார் 10 மடங்கு, பெரும்பாலான வேர்கள் முட்டி நின்றுவிடும். அந்த இறுகிய மண்ணில் இரண்டடிக் குழி வெட்டிக் கன்றை வைத்தால் அது அடியில் ஓட்டையில்லாத தொட்டிதான். ஊற்றின தண்ணீர் வடிய வழியில்லை, தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவுவதோ காற்றில் பரவுவதைவிட சுமார் 10,000 மடங்கு மெதுவு.

சரி, மூச்சுத் திணறட்டும், சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது இலை ஏன் வாட வேண்டும்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். செல்லின் சவ்வில் அக்வாபோரின் என்று ஒரு புரதக் குழாய் உண்டு, தண்ணீர் மூலக்கூறுகள் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அதில் நுழையும், ஆனால் வேகம் என்னவென்றால் நம் ரத்தச் சிவப்பணுவில் இருக்கிற ஒரே குழாயில் நொடிக்குச் சுமார் 300 கோடி. இதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல். அதே ஆண்டு கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றின் வேரில் இன்னொன்று தெரியவந்தது: ஆக்சிஜன் நின்றதும் செல்லுக்குள் அமிலம் ஏறுகிறது, அமிலத்தின் புரோட்டான் அக்வாபோரினில் போய் ஒட்டுகிறது, உடனே கதவு சாத்திக்கொள்கிறது. வாசலில் வெள்ளம், உள்ளே தாகம். நாம் வாடின இலையைப் பார்த்துவிட்டு இன்னொரு குடம் கொண்டுவருகிறோம்.

இதே தொல்லையை எண்ணூர் கழிமுகத்து அலையாத்தி மரம் எப்போதோ தீர்த்துவிட்டது, சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேரை மேலே நீட்டிவிடும். புங்கனுக்கு அந்த வசதி இல்லை.

சட்டத்தில் விதி இல்லாமலும் இல்லை. 2019-ம் ஆண்டுத் தமிழ்நாடு கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி வாங்குகிற பெரிய கட்டடங்களுக்கு 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம் என்பது வழக்கமான நிபந்தனை. அதே நிபந்தனைப் பட்டியலில், மேல்மண்ணை 20 சென்டிமீட்டருக்கு வழித்துப் பத்திரப்படுத்தி மரம் நடும்போது திரும்பப் போட வேண்டும் என்றும் வழக்கமாக ஒரு வரி இருக்கும். என்னைக் கேட்டால் மொத்தத்தில் உருப்படியான வரி அதுதான். மரத்தை எண்ணிவிடலாம், மண்ணைக் குத்திப் பார்க்க யாரும் வருவதில்லை. மண் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டாலும் இதே கதைதான், போட்டோவில் நன்றாக விழாது பாருங்கள்.

வாசகருக்குச் சொன்னது இவ்வளவுதான். ஒரு 8 எம்எம் கம்பியை ஈரமண்ணில் கையால் அழுத்துங்கள், ஒரு சாணுக்குள் நின்றுவிட்டால் குடத்தைக் கீழே வையுங்கள். குழியைச் சுற்றி ஆறடிக்காவது கடப்பாரை போட்டு மண்ணைக் கிளறி, மக்கின இலைதழை கலந்து, கன்றைக் கொஞ்சம் மேடாக நடுங்கள். சிமென்ட் ஜல்லி கிடைத்தால் பொறுக்கி வெளியே போட்டுவிடுங்கள், நான் இழுத்த குழியிலேயே அரை டைல் ஒன்று கிடந்தது.